தண்ணீர்மேல் ஒரு தெரு

"எங்க திருப்பணும்னு தெரியுமா உனக்கு?" என்று சித்தப்பா செஃபெரினோ கேட்டார். டால்வினா சுக்கானை விடாமல் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் அப்பாவின் சவப்பெட்டி. பின்னால் ஊரே படகுகளில் வந்தது.

பிணம் தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் இடுகாட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம் அது. அப்பா ஒஸ்மரினோவின் வாசல் ஆற்றுக்குள் இருந்தது. சொலிமோயிஸ் ஆறு வருஷா வருஷம் கரையை அரித்து, கோவிலையும் சந்தையையும் நான்கு தெருக்களையும் விழுங்கிவிட்டிருந்தது. ஊர் பின்வாங்கிப் பின்வாங்கி மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷமாகச் சாவுப் படகுகளைப் பழைய தெருக்கள் வழியே ஓட்டிப்போனவர் அப்பா. இன்று அவரே பெட்டிக்குள் கிடந்தார்.

"தெரியும் சித்தப்பா," என்றாள். பொய். ஊரையே வாசல் வாசலாகக் கொண்டுபோனவரை அவர் வாசலைக் காட்டாமல் புதைப்பதா?

எதிர்க்கரை இலவமரம் படகின் மூக்குக்கு நேரே வந்ததும் அப்பா தொப்பியைத் தொடுவார். கோவில் இருந்த இடம் அது. அதுவரை அவளுக்கு நிச்சயம். மரம் நேரே வந்தது. இடப்பக்கம் திருப்பினாள்.

"அடியே, எங்க அடுப்படிக்குள்ள போறே நீ," என்று அடுத்த படகிலிருந்து எடோசியா கத்தினாள். "இன்னும் கொஞ்சம் தள்ளித் திரும்பு."

யாரோ சிரித்தார்கள். டால்வினா தள்ளித் திருப்பினாள்.

"இப்ப சரி. இது எங்க கடை வாசல்," என்றது ஒரு குரல்.

"அடுத்தது எங்க ரொட்டி அடுப்பு. மாமரத்துல இடிச்சிராத," என்றது இன்னொன்று.

முழுத் தெருவும் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவரவர் வாசலை ஒருவரும் மறக்கவில்லை. வெறும் பழுப்புத் தண்ணீர்மேல் வீடு வீடாகத் தெரு எழுந்து வந்தது.

ரொட்டி அடுப்பிலிருந்து மூன்றாவது வீடு அவர்களுடையது. அதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. மோட்டாரைத் தணித்து, ஓட்டத்தை எதிர்த்துப் படகை நிறுத்தினாள்.

"வீடு வந்துருச்சுப்பா," என்றாள். செஃபெரினோ தொப்பியைக் கழற்றினார்.

திரும்பிப் பார்த்தாள். ஆறு அங்கே இரண்டு மைல் அகலம். ஒரு படகுகூடக் குறுக்கே வெட்டி வரவில்லை. கோவில் முனையில் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் குறுகலான தெருவுக்குள்ளேயே எல்லாம் நின்றுகொண்டிருந்தன.