சிலை எடுத்த ஒரு குறி

நினைவகத்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு ஒதுக்குவது என்பது வெறும் பொறியியல் அல்ல. அது ஓர் அறம்.

இப்படித்தான் தன் உரையைத் தொடங்கினார் சிலை. மேசைப் பலகையில் 'தலைமைக் கட்டமைப்புச் சிற்பி' என்று போட்டுக்கொண்டிருப்பார். சிலை என்பது முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் வைத்த பெயர். அறம் என்று சொன்ன கையோடு மைக் கீச்சிட்டு அடங்கிவிட்டதால், மீதி அறத்தைத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டியதாயிற்று.

கூட்டம் கூடியது அறத்துக்காக அல்ல. அவர்கள் எழுதிய கர்னல், அதாவது கணினியின் மைய நிரல், வேலை மும்முரத்தில் திடீரென்று உறைந்துபோகிறது என்று வாடிக்கையாளர்கள் பிராணனை வாங்கினார்கள். கோளாறு, வட்டை இயக்கும் டிஸ்க் டிரைவர் நிரலில் என்று சிலை தீர்ப்பே எழுதிவிட்டார். டிரைவரை எழுதியது அவர் மனைவியின் தம்பி. இன்று நிரூபணமானால் அவனைக் குழுவைவிட்டுத் தூக்கிவிடுவார்கள்.

"வீட்டுப் பாசமெல்லாம் வாசலோட சரி, மாப்ள," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நான் ஒண்ணும் கேக்கலையே, அத்தான்."

சோதனைக்காக அவன் எழுதிய டிரைவரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தார்கள். நினைவகத்தை விளிம்புவரை நிரப்பி, கோப்புகளை மளமளவென்று உருவாக்கும் நிரலைச் சிலை தட்டிவிட்டார்.

"இப்ப பாருங்க, தண்ணியா ஓடும்."

புரொஜெக்டர் திரையில் ஓடியது. நின்றுவிட்டது. மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மைத்துனரோட டிரைவர்தான் இதுல இல்லையே?"

"இல்ல, மேடம்," என்றார் சிலை.

"பின்ன யாரு நிறுத்தினது, பேயா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேய் எதுவென்று சிலைக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரத்தை வைக்க நினைவகத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். இடம் தட்டுப்பாடானால், ஒதுக்கும் பகுதி கோப்பு முறைமையிடமே போய், 'பழசு எதையாவது காலி பண்ணு' என்று கேட்கும். கோப்பு முறைமையோ, காலி பண்ணத் தேவையான பூட்டைத் தானே கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகத்தான் நிற்கிறது. சாவியை மடியில் முடிந்துகொண்டு, சாவிக்காரன் வரட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போல. 'அங்கே மட்டும் போய்க் கேட்காதே' என்று தடுக்க நிரலில் சின்னதாக ஒரு குறி இருந்தது. போட்டவன் மைத்துனன். போன மாதம், "பயந்தாங்கொள்ளி வேலை" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடித்துவிட்டு அதை எடுத்தவர் சிலை.

'தப்பு என்னுது.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மைத்துனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டான். அதுதான் சிலையைப் பிடுங்கித் தின்றது.

"புரொஜெக்டர் கேபிள் லூசா இருக்கும்னு நினைக்கிறேன்," என்றது அவர் வாய்.

மைத்துனன் எழுந்துவந்து, மேசைக்கடியில் மண்டிபோட்டுப் பார்த்தான்.

கேபிள் சரியாகத்தான் இருந்தது.