மூன்றாவது அறையின் விளக்கு

...சோதித்துப் பார்க்கக் கொடுத்த விளையாட்டை அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறானே, பிடிக்கவில்லை என்றுகூட இல்லை, அழித்துவிட்டேன், அதற்குக் கீழே இன்னொருத்தி, மூன்றாவது அறையில் கதவு திறக்கவே இல்லை, விளையாட்டே பழுது போலிருக்கிறது என்று... பழுதாம், வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடமாக இந்தப் புதிர் விளையாட்டோடு மல்லுக்கட்டியவளுக்குத் தெரியாத பழுதை இந்த மகராசி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். எரிச்சலில் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தியும் பார்த்தாள், இன்னும் இரண்டு பேர், அதே அறை, அதே புலம்பல். அங்கே செய்ய வேண்டியதுதான் என்ன, விளக்கை அணைக்க வேண்டும், இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், கதவு தானாகத் திறக்கும்... சும்மா இருப்பதற்குக்கூடவா இவர்களுக்கு வலிக்கிறது? முதன்முதலில் அவளுக்குத் தோன்றியதே அந்த அறைதான், மற்றவையெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவை, அடுத்த வாரம் விளையாட்டை விற்பனைக்கு விட வேண்டும், அந்த அறையைத் தூக்கிவிட்டு விற்பதென்றால் இத்தனை பாடும் எதற்கு. அண்ணன் திறந்தானே, அம்மாகூடத் திறந்தாளே, மவுஸைப் பிடிக்கவே பயப்படுகிற அம்மா...

அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ மட்டும் எப்படிம்மா அந்தக் கதவைத் திறந்தே என்று சண்டைக்குப் போகிற குரலில் கேட்டாள், அம்மா தலையணை உறையை உதறியபடியே சொன்னாள். “எனக்கென்னடி தெரியும். விளக்கை அணைச்சதும் பக்கத்துல நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டே. சரி, இனிமே எதையும் தொடக் கூடாது போலன்னு கையை எடுத்துட்டேன். தப்பாத் தொட்டா உன் நாற்காலிதான் கிரீச்சுங்குமே.” அண்ணனும் அப்படித்தானா? ஒரு வார்த்தை பேசாமல் வாயைக் கட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள், அதற்கு எவ்வளவு பெருமைப்பட்டாள்... சே, அவள் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கதவை இதுவரை யாருமே திறக்கவில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்த அண்ணி, வீட்டில் இன்னும் விளையாடாத ஒரே ஆள், பையைக்கூட வைக்காமல், “எனக்குக் குடு, நான் பாக்கறேன். ஆனா நீ உள்ள வரக் கூடாது,” என்று நாத்தனாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது அவள் வெளியே நிற்கிறாள், தன் அறைக்கே காவல்காரி மாதிரி. உள்ளே விளையாட்டில் வரும் விளக்கின் சுவிட்ச் சத்தம், டிக், அணைத்துவிட்டாள், இரு அண்ணி, தொடாதே, தொடாதே... டிக். போட்டுவிட்டாள். திரும்ப அணைத்தாள், திரும்பப் போட்டாள், என்ன அவசரம் இந்த மனுஷிக்கு, ஒரு நாளாவது பஸ்ஸுக்கு நின்றதில்லையா, ஒரு குரல் கொடுத்தால் போதும், ஒரு இருமல் போதும்... அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிக். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திறந்துவிட்டதா? சலித்துப்போய் எழுந்துவிட்டாளா, போனை எடுத்துக்கொண்டாளா? கதவு திறக்கிற சத்தத்தை மெதுவாக வைத்ததும் அவள்தான், ரசனையாக இருக்கட்டும் என்று, இங்கே வரை கேட்காது. கூடத்திலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது, நிற்பது சரிதான் என்றாவது யாராவது ஒரு சின்னச் சத்தம் கொடுத்தால் என்ன, ஒன்றுமே தெரியாமல் ஒரு மனுஷி எப்படித்தான் சும்மா... என்று நினைத்தபோது, அவள் கை ஏற்கனவே கதவின் கைப்பிடியில் இருந்தது.