திருப்பிச் சொல்லும் குரல்

மஞ்சள் கவுன் போட்ட பெண்பிள்ளை சாப்பாட்டு மேசை நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள், கவுன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, தரை மட்டும் நனையவில்லை, வாயே திறப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான், யார் வீட்டுப் பிள்ளை என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், முப்பத்திநாலு வருஷம் ரயில் ஓட்டியதில் என் வண்டியில் விழுந்தவர்கள் மூன்று பேர், மூவரும் மீசை வைத்த ஆண்கள், இவள் அவர்களில் சேர்த்தி இல்லை, போத்தனூரில் இந்த வீட்டைத் தேடி எதற்கு வந்தாளோ சனியன், வஞ்சி, நாற்காலியில ஒரு புள்ள, என்று கூவுகிறேன், அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, இல்லீங்க, என்கிறாள், அப்பாடா.

அது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு, எஞ்சினில் சிக்னல் தெரிந்ததும் ஓட்டுகிறவன் கையை நீட்டி கிரீன் என்று கத்த வேண்டும், பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கத்த வேண்டும், இரண்டு வாய் சொன்னால்தான் அது கிரீன், பார்க்காமலே சும்மா திருப்பிச் சொன்ன ஒருத்தனை நான் வாளையாறு ஸ்டேஷனில் இறக்கி விட்டிருக்கிறேன், அழுதான், எனக்கு இரக்கமே வரவில்லை, டாக்டரம்மா எனக்கு வந்திருக்கிற நோய்க்கு லூயி பாடி டிமென்ஷியா என்று பேர் சொன்னார், மறதி பின்னாடிதான் சார் வரும், முதல்ல கண்ணு பொய் சொல்லும், கை கால் விறைக்கும், தூக்கத்துல கனவை அப்படியே ஆடுவீங்க, ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் மூட்டம், அப்படியேதான் ஆயிற்று, ஒரு மத்தியானத் தூக்கத்தில் பிரேக்கை இழுக்கிறேன், வண்டி நிற்கவில்லை, இன்னும் இழுக்கிறேன், விழித்தால் என் பிடியில் வஞ்சியின் மணிக்கட்டு, எலும்பு முறிந்திருந்தது, மாவுக்கட்டோடு உட்கார்ந்து இடது கையால் எனக்குச் சோறு பிசைகிறாள், நான் அழுகிறேன், விடுங்க, கனாவுல பண்ணுனதுக்கு யாரு என்ன பண்றது, என்கிறாள், அன்றைக்குத்தான் கேட்டேன், நீ எனக்குத் திருப்பிச் சொல்லு புள்ள, உள்ளதை உள்ளபடி, அது ஒண்ணு போதும், நான் ஓட்டிக்குவேன் என்று.

எட்டு மாதம் ஓட்டினேன், பிறகு, நேற்றா போன வாரமா தெரியவில்லை, நாற்காலியில புள்ள என்றேன், ஆமாங்க, இருக்கா, பாவம், சோறு போடட்டுமா, என்றாள், பிள்ளை இருந்தது இடப்பக்கம், அவள் பார்த்தது வலப்பக்கத்துக் காலி நாற்காலியை, பார்க்காமலே சொல்றயே, அடிப்பாவி, என்று கத்தினேன், என்னால முடியலீங்க, ஒரு நாளைக்கு நாப்பது தடவைங்க, இல்லைன்னாலும் இப்பெல்லாம் நம்ப மாட்டீங்கறீங்க, என்று அவளும் அழுதாள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, ஆனால் அதற்கப்புறம் எதைத்தான் நம்புவது, இதோ வாசற்படியில் வஞ்சி நிற்கிறாள், கையில் மாவுக்கட்டு, அதை எப்போதோ பிரித்தாயிற்றே, அடுப்படியில் சத்தமே இல்லை, கடைக்குப் போனாளா, போயே போய்விட்டாளா, கையை நீட்டி, வாசல்ல வஞ்சி, என்று கூவிவிட்டுக் காத்திருக்கிறேன், நாற்காலி கிறீச்சிடுகிறது, இத்தனை நாள் வாயே திறக்காத மஞ்சள் கவுன்காரி தண்ணீர் சொட்டச் சொட்ட வாசல் பக்கம் திரும்பி, தன் கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டு, வாசல்ல வஞ்சி, என்று திருப்பிச் சொல்கிறாள்.