அவசரத்தில் இறைத்த கிணறு

கேஸ் கிணற்றிலிருந்து வாளியில் பிடித்த தண்ணீர் மை மாதிரிக் கறுத்திருந்தது. சூப்பர்வைசர் அதில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். கரித்தூள்! ஆழத்தில் கிடக்கும் நிலக்கரிக்குள் தண்ணீரையும் மணலையும் அழுத்தி அடித்து, மாய்ந்து மாய்ந்து வெடிப்பு உண்டாக்கியிருந்தார்கள். அந்த வழியாகத்தான் கேஸ் வரவேண்டும். அதற்கு முன்னால் உள்ளே நிற்கும் தண்ணீரை மெல்ல மெல்ல இறைக்க வேண்டும். அவசரப்பட்டால் கரி நொறுங்கித் தூளாகி அந்த வழியையே அடைத்துக்கொள்ளும். இது அவருக்குத் தெரியாதா? கரைத்துக் குடித்தவர். ஆனாலும் பெரிய அதிகாரி வருகிறார், வரும்போது கிணற்று வாயில் கேஸ் சுடர் எரிய வேண்டும் என்று மேலிடம் நச்சரித்ததும் புத்தி மழுங்கிப் போனது. "பம்ப் வேகத்தைக் கூட்டு மாப்பிள்ள, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

பம்ப் ஓட்டுபவன் வேறு யாருமில்லை, அவருடைய தங்கை புருஷன். கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். "நிஜமாவா மச்சான்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கூட்டினான். சுடர் எரிந்தது. கைதட்டினார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். அதிகாரியின் கார் போன மறுவாரமே இந்தக் கறுப்புத் தண்ணீர். அதோடு கேஸும் நின்றுபோனது.

விசாரணையில், "யார் கூட்டச் சொன்னது?" என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். அவர் செருமி முடிப்பதற்குள், "யாரும் சொல்லல சார், நானாத்தான் கூட்டினேன்" என்றான் மாப்பிள்ளை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி மனிதர், மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். போகவும் கூசியது, போகாமலிருக்கவும் முடியவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

"இவருக்கு அப்படி என்ன அவசரம்ணா? யாரைக் கேட்டு அதைத் தொட்டாரு?" என்று புருஷனை ஒரு பிடி பிடித்தவள், குரலை இறக்கி, "உன் பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு. அறியாம பண்ணிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

"சும்மா இரு. மச்சானை ஏன் இதுல இழுக்கற?" என்றான் மாப்பிள்ளை, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"நீங்க பேசாதீங்க. அண்ணா சொல்லட்டும்."

பிசைந்த சோறு அவர் விரல்களிலேயே காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியை ஏந்தியபடி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கை.