இரண்டு டேப்பிங்

தங்கமணிக்கு அந்த டீச்சரை முதல் நாளே பிடிக்கவில்லை. ஷிப்ட் முழுக்க நின்று கால் கடுத்துப் போய் வருகிறவர்களைக் கேன்டீன் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ‘டேபிள்’ என்று சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஓசூர் சிப்காட்டில் பம்புக்கு வெளிக்கூடு, அதாவது ஹவுசிங், செய்கிற கம்பெனி அது. இனிமேல் லைன் லீடர் ஆக வேண்டுமானால், என்ன வேலை என்று எழுதித் தொங்கவிடுகிற ஜாப் கார்டை இங்கிலீஷில் படிக்கத் தெரிய வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அதற்காகப் பெனிஷா என்கிற இந்தச் சின்னப் பெண்ணைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே கொண்டுவந்து இவர்கள் தலையில் இறக்கினாள்.

“ஒரு வார்த்தையில எத்தன அசைன்னு தாடையே சொல்லும். எத்தன தடவ கீழ எறங்குதோ, அத்தன அசை. தங்கமணி, நீங்க டேபிள் வாசிங்க.”

படி என்று சொல்ல மாட்டாள், வாசி என்பாள். அதுவே தங்கமணிக்கு எரிச்சல்.

“டே-பு-லு,” என்றாள். தாடை மூன்று முறை கையில் இடித்தது.

“இங்கிலீஷ்காரனுக்கே ரெண்டுதான். உங்க ஊத்தங்கரைக்கு மட்டும் ஒண்ணு ஃப்ரீயா குடுத்தானோ?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த அனிதாவும் சிரித்தாள். அனிதா வீட்டில் தெலுங்கு. அவளும் டேபுலு என்று சொல்கிறவள்தான், அன்றைக்கு டீச்சர் கண்ணில் படாமல் தப்பித்தாள். தங்கமணி அந்த நிமிடமே எழுந்து போயிருப்பாள். மானம் போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் மகள் மோகனப்ரியா.

லைன் லீடருக்கு நைட் ஷிப்ட் கிடையாது. தங்கமணிக்கு வாரம் மாற்றி வாரம் நைட் ஷிப்ட். பாகலூர் ரோட்டில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில், அந்த வாரங்களில் எட்டாவது படிக்கிற பெண் தனியாகப் படுக்கிறாள். கடைசி வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்கும் ஒருவன் இரண்டு தடவை கதவைத் தட்டி, “தண்ணி இருக்குதா பாப்பா” என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு வீடு கிடைப்பதற்குள் வேறு ஷிப்ட் கிடைக்கலாம் என்றுதான் தங்கமணி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் லைனில் காலியாகியிருந்தது ஒரே ஓர் இடம். கேட்டவர்கள் இரண்டு பேர், இவளும் அனிதாவும்.

ஒரு நாள் பெனிஷா போர்டில் taping, tapping என்று இரண்டு வார்த்தை எழுதினாள். ஒன்றில் நடுவே ஒரு பி, இன்னொன்றில் இரண்டு பி.

“ரெண்டு பி இருந்தா நடுவுல வெட்டுங்க. மொத பி இந்தப் பக்கமா வந்து ஏ-வோட கதவ சாத்திரும். உள்ள மாட்டுனது குட்டி சத்தந்தான் போடும். ட்யாப்-பிங். ஒரு பி தான் இருந்தா அது அடுத்த அசைக்குப் போயிரும். இங்க கதவு தொறந்து கெடக்கு. ஏ தன்னோட பேர முழுசா சொல்லும். டே-பிங்.”

“ரெண்டும் டேப்பிங்தான,” என்றாள் தங்கமணி.

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கம்பெனியில் ஓட்டைக்குள் திருகாணிக்கு மரை போடுவதும் டேப்பிங், அட்டைப்பெட்டியை ஒட்டுவதும் டேப்பிங். பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் மரை டேப்பிங், ஒட்டு டேப்பிங் என்பார்கள். ஹவுசிங்குகளைப் போட்டுத் தள்ளிக்கொண்டு வருகிற தொட்டிக்குப் பேர் பின்; அதற்குள் எட்டிப் பார்த்தே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

“ஒண்ணு மரை போடறது, இன்னொண்ணு பெட்டி ஒட்டறது. காதுல விழலியா?”

“எது எதுன்னு பின்னப் பாத்தாலே தெரியுது மேடம். ஓட்டையில மரை இல்லன்னா மரை டேப்பிங். இதுக்கு என்னாத்துக்குக் கதவு, ஜன்னலு?”

“பின்னப் பாத்து ஊகிக்க இங்க எதுக்கு வாறீங்க? எழுத்தப் பாத்து வாசிக்கத் தெரிஞ்சாத்தான் பாஸ். என் புள்ளைங்க யூகேஜியிலயே சொல்லிரும்.”

யூகேஜி என்ற சொல் தங்கமணிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவள் படித்தது படிப்பு ஆசையில் இல்லை, வெறும் வீம்பில். ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் பட்ட போர்டையெல்லாம் வெட்டினாள். ஹோட்டலை வெட்டினாள், டயரை வெட்டினாள், சூப்பர் மார்க்கெட்டைத் துண்டு துண்டாக்கினாள். தாடைக்குக் கை கொடுத்து முணுமுணுப்பவளைப் பார்த்துப் பல்வலியா என்று கேட்டார் கண்டக்டர். வீட்டில் சோறு வடிக்கும்போது ‘ட்யாப்’ என்று சொல்லிப் பார்த்தாள். வாய் கோணியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். திட்டிவிட்டு மறுபடியும் சொன்னாள்.

டெஸ்ட் அன்றைக்குப் பிளான்ட் மேனேஜரே வந்து உட்கார்ந்துவிட்டார். பாடப் புத்தகமெல்லாம் வேண்டாம், லைனில் தொங்குகிற கார்டையே கொண்டுவாருங்கள் என்றார். சூப்பர்வைசர் ராஜப்பன் ஒரு பின்னோடு சேர்த்துக் கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கார்டு எழுதுவது அவர். லைன் லீடர் யார் என்று எழுதிக் கொடுப்பதும் அவர்தான்.

முதலில் அனிதா. கார்டைப் பார்த்தாள், பின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். “ஹவுசிங். டேப்பிங். மரை போடணும் சார்.”

“தப்பு,” என்றாள் பெனிஷா. “ஒரு பி தான் இருக்கு. எழுத்தப் பாக்காம பின்னப் பாத்து சொல்றீங்க.”

“என்னா தப்பு?” என்றார் ராஜப்பன். “கரெக்டாத்தான சொல்லுது. மரை போடத்தான் கார்டு எழுதியிருக்கறன்.”

“இங்கிலீஷ்ல அப்டி எழுதலயே சார்.”

ராஜப்பன் முகம் கறுத்தது. அடுத்த ஆள் என்றார் மேனேஜர்.

தங்கமணி கார்டைக் கையில் வாங்கினாள். பின்னில் கிடந்த ஹவுசிங்குகளில் மரை இல்லை, அது அவளுக்கும் தெரியும். மரை என்று சொன்னால் டீச்சர் தப்பு என்பாள். ஒட்டு என்று சொன்னால் ராஜப்பனுக்கு எழுதத் தெரியாது என்று மேனேஜர் முன்னால் சொன்னதாக ஆகும். பிழைக்கத் தெரிந்தவள் என்றால் மரை என்று சொல்லிவிட்டு ராஜப்பன் பக்கம் நின்றிருப்பாள். ஆனால் யூகேஜி என்ற சொல் தங்கமணி நெஞ்சில் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்த டீச்சர் வாயால் ‘சரி’ என்று ஒரு தடவை கேட்டாக வேண்டும் என்ற வெறி, மகளைக்கூட அந்த நேரத்தில் மறக்கடித்துவிட்டது.

“டே-பிங்,” என்றாள். தாடை இரண்டே முறை இறங்கியது. “ஒரு பி. அது அடுத்த அசைக்குப் போயிருச்சு. பெட்டி ஒட்டற வேல.”

“சரி,” என்றாள் பெனிஷா. அவ்வளவுதான். ஒரு சிரிப்புக்கூட இல்லை.

மேனேஜர்தான் சிரித்தார். “ராஜப்பன், நாளையிலேருந்து நீங்களும் இந்தப் பெஞ்சுல உக்காருங்க.”

மறுநாள் நோட்டீஸ் போர்டில் அனிதா பேர் இருந்தது. தங்கமணி ராஜப்பனிடம் போனாள். அவர் தலை நிமிரவில்லை. “படிக்கறவங்கள வெச்சி நான் என்னாம்மா பண்றது? எனக்கு வேல புரியற ஆளு வேணும். போ, உன் லைனப் பாரு.”

கேன்டீனுக்கு ஓடினாள். பெனிஷா போர்டை அழித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், நான்தான கரெக்டா படிச்சன். அந்தப் புள்ள தப்பா படிச்சிதுன்னு நீங்களே சொன்னீங்க. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. என் பொண்ணு ராத்திரில ஒண்டியா படுத்துக்குது மேடம்.”

“எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்கதுதான் வேல,” என்றாள் பெனிஷா. “நீங்க பாஸ்னு எழுதிக் குடுத்தாச்சு. யாரப் போடணும்ங்கறது அவங்க பாடு. நான் போய்ப் பேசி, என் வேலைக்கு யாரு ஜவாப்பு?”

தங்கமணி அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள். ஆத்திரத்தோடு லைனுக்குத் திரும்பினாள். அவள் இடத்தில் ஒரு பின் வந்து நின்றிருந்தது. அதில் ராஜப்பன் கையெழுத்தில் கார்டு. ஹவுசிங். பக்கத்தில் டேப்பிங், நடுவே ஒரே பி.

குனிந்து ஒரு ஹவுசிங்கை எடுத்து ஓட்டைக்குள் விரல் விட்டாள். வழுவழுவென்று இருந்தது. மரை இல்லை. கார்டை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பின்னைப் பேக்கிங் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அட்டைப்பெட்டிகளை விரித்து, ஹவுசிங்கை அடுக்கி, டேப் ஒட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் டேப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். அவ்வளவு சுத்தமாக அவள் அதுவரை எந்த வேலையும் செய்ததில்லை.

லாரி வாசலில் நின்றபோதுதான் அனிதா ஓடிவந்தாள். புது லைன் லீடர் பேட்ஜ் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தது.

“அக்கா, இது மரை போடாத பின்னு. ஏங்க்கா ஒட்டுனீங்க?”

தங்கமணி கார்டை நீட்டினாள். “படி.”

அனிதா கார்டையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போனது. “நம்ம லைன்ல என்ன ஆனாலும் என்னத்தான்க்கா கேப்பாங்க. மொத நாளே இப்டி ஆச்சின்னா தூக்கிருவாங்க. எங்க வீட்டுலயும் வயசுப் பொண்ணு இருக்குதுக்கா.”

அனிதா தரையில் உட்கார்ந்து நகத்தால் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தாள். அழுத்தித் தேய்த்த டேப், சுலபத்தில் வரவில்லை. ஒரு நகம் பிய்ந்து அட்டையில் ரத்தம் பட்டது.

தங்கமணிக்கு ஆத்திரமெல்லாம் டீச்சர் மேலும் ராஜப்பன் மேலும்தான். அவர்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இங்கே கிழித்துக்கொண்டிருந்தவள் அனிதா. அது தெரிந்தும் தங்கமணி உதவிக்குக் குனியவில்லை, அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டினாள்.