இருமல் பொத்தான்

அலுவலகத்தில் அவளுக்குக் குரலம்மா என்று பெயர். வைத்தவன் கேன்டீன்காரன். அண்டை நாட்டு அதிபர் ஒரு பெண். அந்த அம்மா எந்த மேடையில் வாயைத் திறந்தாலும், நம் தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு இவள் குரலில்தான் நம் மொழிக்கு வந்து சேரும். அதனால் இவள் டீ வாங்க வந்து நின்றால், அதிபர் வந்துவிட்டார், வழி விடுங்கள் என்று கேன்டீன்காரன் கூவுவான். இவளும் கையை உயர்த்தி மக்களை ஆசீர்வதிப்பாள். அலுவலகத்தில் அவள் மனிதர்களோடு விளையாடுவது அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கண்ணாடி அறை.

டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம் பெரிய அறை அது. ஒரு நாற்காலி, ஹெட்போன், மைக், மைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு இருமல் பொத்தான் என்று பெயர். விரலால் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மைக் செத்துக் கிடக்கும். இருமலாம், தும்மலாம், பிடிக்காதவனைத் திட்டலாம். விரலை எடுத்தால் மைக்குக்கு உயிர் வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவள் தன் சொந்தப் பேச்சாக அந்த அறைக்குள் பேசியதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசியதுதான். விரலை எடுத்த பிறகு பேசியது முழுக்க அந்த அம்மாவுடையது.

முதலில் அதிபரின் குரல் கொஞ்சம் கேட்கும். பிறகு அதை முணுமுணுப்பாகத் தாழ்த்திவிட்டு, அதன்மேல் இவள் குரலை ஏற்றுவார்கள். ஒரு காதில் அதிபர், மறு காதில் புரொடியூசர். "அக்கா, கொஞ்சம் காரம் சேருங்க" என்பான் அவன். அதிபர் வருந்துகிறோம் என்று சொன்னால், அந்த வருத்தத்தில் ஒரு இளக்காரம் தொனிக்க வேண்டும். முதலாளிக்கு மேலவையில் ஒரு நாற்காலிமேல் கண். ஆளும் கட்சித் தலைவருக்கோ தேர்தல் நெருங்க நெருங்க ஒரு எதிரி தேவைப்பட்டது. எதிரி என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஒரு குரல் வேண்டாமா? அந்தப் பக்கம் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்டால், அதுவும் இல்லை. அங்கே டிவியை அரசாங்கம் நடத்தியது, இங்கே அரசாங்கத்தை டிவி நடத்தியது. வித்தியாசம் அவ்வளவே. குரலம்மா காரம் சேர்த்தாள். சம்பளம் வந்தது, பழகியும் போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் அவள் அதிகமாகக் காது கொடுத்துக் கேட்டது அந்த அதிபரைத்தான். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் இரண்டு அறை, ஒரு குக்கர், மாடிப்படியில் ஏறும் இறங்கும் பிறத்தியார் காலடிச் சத்தம். அதிபருக்குச் சளி பிடித்தால் இவளுக்கு முதலில் தெரியும். முழங்கால் வலியோடு மேடையேறியிருக்கிறாரா, எழுதிக் கொடுத்ததைப் பிடிக்காமல் படிக்கிறாரா என்பதெல்லாம் மூச்சிலேயே தெரிந்துவிடும். அதிபர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் இவள் முடித்துவைப்பாள். இந்தத் தொழிலில் அதைத் திறமை என்பார்கள். அந்தத் திறமைதான் அவளைக் கவிழ்த்தது.

அவளுடைய ஒரே மகள் அந்த நாட்டில் இருந்தாள். படிக்கப் போனவள் அங்கேயே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மருமகன் தங்கமான பையன். அவனுடைய தம்பி எல்லைக் காவல் படையில் இருந்தான். தினமும் சாயங்காலம் குரலம்மா போன் செய்வாள். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுக்களை மேடையில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பாள். நடுவில் சம்பந்தியம்மா வந்து பேச்சில் கலந்துகொள்வார். அந்த ஊர்ப் பாஷையை அந்த ஊர்க்காரியைப் போலவே பேசும் இந்தச் சம்பந்தியை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து மருமகனின் தொப்பையைக் கிண்டலடிப்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் குரலம்மா மற்ற நேரத்தையெல்லாம் ஓட்டினாள்.

எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்த வாரம் அது. அதிபர் பேசுகிறார், நேரலை. எல்லாப் பேச்சையும் அவர் ஒரே மாதிரிதான் முடிப்பார். எங்கள் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பார், மேஜையைத் தட்டுவார், எழுந்து போவார். அன்றும் எங்கள் பொறுமைக்கு என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். டிவியில் மௌனத்தைப் போல் ஆகாத பொருள் வேறில்லை. புரொடியூசர் காதுக்குள் பதறினான்.

"அக்கா, சத்தமே இல்ல. முடிங்க, முடிங்க."

அவள் முடித்தாள். எங்கள் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்று, கேட்ட காரத்துக்குமேல் ஒரு பிடி அதிகமாகவே போட்டு முடித்தாள். அப்புறம்தான் ஹெட்போனில் அதிபர் தன் வாக்கியத்தை முடித்தார். எங்கள் பொறுமைக்கு இன்னும் இடம் இருக்கிறது, வாருங்கள், பேசலாம் என்றார். மேஜையைத் தட்டவில்லை.

குரலம்மா இருமல் பொத்தானை அழுத்திக்கொண்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், உடனே திருத்த வேண்டும் என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த புரொடியூசரிடம் கத்தினாள். அதற்குள் திரையின் அடியில் சிவப்பு எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது: எல்லை தாண்டிவிட்டீர்கள், அதிபர் மிரட்டல். அன்று சாயங்காலமே ஆளும் கட்சித் தலைவர் ஒரு கூட்டத்தில் அந்த வரியைச் சொல்லி, தாண்டினால் என்ன செய்வாள் என்று கேட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் அந்த நாட்டு அரசு டிவி, இவர்கள் நம் அதிபர் வாயில் எதைத் திணிக்கிறார்கள் பாருங்கள் என்று குரலம்மாவின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது. மூன்றாவதாக ஒரு நாட்டின் பத்திரிகை, இரண்டு தரப்பும் சண்டைக்கு மனத்தளவில் தயாராகிவிட்டன என்று ஆழமாக ஒரு தலையங்கம் எழுதியது, அதை இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டின. வாரக் கடைசியில் எல்லையை மூடினார்கள்.

எல்லை மூடியதும் குரலம்மா செய்தி ஆசிரியரின் அறைக்குப் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர். அது வேறு பிரச்சினை. நல்ல மனிதர்களைத்தான் அந்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள், வருகிறவர்களுக்குக் கோபம் வராது. அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஒரு வரி திருத்தம் போட்டுடுங்க சார். நான்தான் தப்பாச் சொன்னேன்னு என் பேரையே போடுங்க."

"அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அது உங்க தப்பும்மா. சாயங்காலமே தலைவர் மேடையில சொல்லிட்டார். இனிமே அது தப்பு இல்ல. அவர் சொன்னதைத் தப்புன்னு நம்ம எப்படிப் போடுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் இடம் கொடுக்காமல் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கேன்டீன்காரன் வழக்கம்போல அதிபர் வருகிறார் என்று கூவினான். அவள் கையை உயர்த்தவில்லை. அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மகளிடம் போனில் பேச முடிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. அம்மா, கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே, எழுது போதும், குரல் பதிவும் அனுப்பாதே. காரணம் கேட்டபோது துண்டு துண்டாக எழுதினாள். கொழுந்தனை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எந்நேரமும் டிவி ஓடுகிறது. அதில் நாளெல்லாம் உன் குரல். நேற்று நீ போன் செய்தபோது ஸ்பீக்கரில் நீ கண்ணு என்றதும் அத்தை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் சாப்பிடவே இல்லை.

குரலம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நேரலையில் நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினாள். வேலையை விட்டுவிட்டேன், இனி அந்தக் குரல் டிவியில் வராது என்று கடைசியில் எழுதினாள். மகள் ஒரே வார்த்தை எழுதினாள், சரி என்று. அந்தச் சரியில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. எழுத்தில் மூச்சு கேட்காது அல்லவா?

பிறகு நாட்கள் கழிந்தன என்று சொல்வதைவிட, நகர மாட்டேன் என்று அடம்பிடித்தன என்பதுதான் சரி. பேசியே சோறு தின்றவள், காய்கறிக்காரனிடம் அரைக் கிலோ என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்காமல் இருந்தாள். அவன்கூட ஒரு நாள், உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே என்றான். அதிலிருந்து அவள் காயைக் கையால் காட்டி வாங்கினாள். தனிமை என்று அதுவரை எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். இதுதான் அது.

ஒரு சாயங்காலம், எல்லை மூடிய பிறகு அதிபர் முதன்முறையாகப் பேசப்போகிறார் என்று தெரிந்து டிவியைப் போட்டாள். மொழிபெயர்க்க இல்லை, சும்மா கேட்க. அந்த அம்மாவின் குரல் கேட்டது. இளைத்துப்போன குரல். நீயும் தூங்கவில்லையா என்று கேட்கத் தோன்றியது. அந்தக் குரல் தாழ்ந்து முணுமுணுப்பாயிற்று. அதன்மேல் இன்னொரு குரல் ஏறியது.

அது அவளுடைய குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது. டிவியில் அவள் பேசிக்கொண்டே போனாள், அதே காரம், அதே இளக்காரம். புரொடியூசருக்குச் செய்தி அனுப்பினாள். அவன் மறைக்காமல் பதில் எழுதினான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பேசுகிறார், கணினி அதை உங்கள் குரலாக மாற்றித் தருகிறது, ஜனங்களுக்கு அந்தக் குரல் பழகிவிட்டதாம், முதலாளி உத்தரவு, மன்னிச்சுடுங்க அக்கா. குரலம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எல்லாம் அச்சாக அவளேதான். ஒன்று மட்டும் இல்லை. அந்தக் குரல் மூச்சே வாங்கவில்லை.

போன் ஒளிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: விட்டுட்டேன்னு சொன்னியேம்மா. நாங்க இப்ப உங்க சேனலைத்தான் பார்த்துட்டு இருக்கோம்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, எழுதினால் யார் நம்புவார்கள்? டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மகளை அழைத்தாள். மகள் எடுத்தாள்.

"கண்ணு, நான் வீட்டுல இருக்கேன்டி. கேளு. டிவியில ஓடுது பாரு, அதுவும் கேக்குதா? ரெண்டும் கேக்குதா உனக்கு? அது நான் இல்ல. மெஷின்."

டிவியில் அவள் குரல் எதிரியின் கொட்டத்தை அடக்குவோம் என்றது. போனில் அவள் குரல் நடுங்கியது. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். மகள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"கேக்குதும்மா. ரெண்டும் கேக்குது." மகள் அழுதாள். "நான் நம்புறேன். எழுதினப்பவே நம்பியிருக்கணும்."

"அப்ப அத்தைகிட்டச் சொல்லு. உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு."

"சொல்றேன். ஆனா அது போதாதும்மா. யார் பேசினா என்ன, காதுல விழுறது அந்தக் குரல்தானே. கொழுந்தன்கிட்ட இருந்து போன் வந்து நாலு நாளாச்சு. அத்தைக்கு அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பு உதறுது. ஸ்பீக்கர்ல நீ பேசினா வெளியில கேக்கும், இந்தச் சுவர் வேற மெலிசு."

குரலம்மா டிவியை அணைத்தாள். எதைச் சொன்னாலும் அதை அந்தக் குரலால்தான் சொல்ல வேண்டும்.

"வைச்சுடாதேம்மா" என்றாள் மகள் அவசரமாக. "நீ பேச வேண்டாம். நான் பேசுறேன், நீ கேட்டுக்கிட்டு இரு. தினம் இதே நேரத்துக்கு நானே கூப்பிடுறேன்."

குரலம்மா இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். மகளின் மூச்சு பக்கத்தில் வந்தது. மூக்கு அடைத்திருந்தது, சரியாகத் தூங்கவில்லை, கத்தி பலகையில் படும் சத்தத்தைப் பார்த்தால் வெங்காயம் நறுக்குகிறாள். எல்லாம் தெரிந்தது. இதைத்தானே இத்தனை வருஷம் யாரோ ஒருத்திக்குச் செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் கேட்டாள், சாப்பிட்டியாம்மா என்று. முட்டி வலி எப்படி இருக்கிறது, மாடி ஏற முடிகிறதா, வேலையில்லாமல் பொழுது எப்படிப் போகிறது என்று. பதிலுக்குக் காத்திருப்பவள்போல ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டாள்.

போன் திரையில் மைக் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. குரலம்மா விரலால் அதைத் தொட்டாள். மைக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. பழக்கதோஷத்தில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சாப்பிடலடி கண்ணு, இனிமேதான் என்று வாய்விட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.