சிரிப்பு வருவதற்கு முன்னால்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒரு தையல்காரர் செத்துப்போன அன்று அவருடைய குரல் வீட்டுக்குத் திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் குமட்டும். குமட்டினால் நல்லதுதான்.

சின்னவள் அப்பாவின் சட்டைக்குப் பின்புறம் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தான். அவர் தனக்கென்று தானே தைத்துக்கொண்ட வெள்ளைச் சட்டை அது. ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் உடம்பு பாதியாகக் கரைந்து, சட்டை பையைப் போலத் தொங்கியது. ஊருக்கெல்லாம் தோளில் சுருக்கம் விழாமல் தைத்தவரை இப்படி அனுப்பக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே முதுகுப் பக்கம் துணியை இழுத்து மடித்து, வெளியே தெரியாதபடி ஊக்கு. கழுத்தில் குழாய் போட்ட ஓட்டையை மூடிய பஞ்சிலிருந்து மருந்து வாடை வந்தது. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற அப்பாவிடம் மூச்சைப் பிடிப்பதா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவளுக்கு.

அவரை நேராகப் படுக்கவைத்து, காலருக்குக் கடைசிப் பொத்தானைப் போடும்போதுதான் வாசலில் சலசலப்புக் கேட்டது. யாரோ பெரிய ஆள் வந்ததைப் போல நாற்காலிகள் இழுபட்டன.

வந்தது சேனல்காரன்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்குக் கோபம் வராது. வழியில் போகிற மனிதர்களைச் சீண்டி, அவர்கள் தவிப்பதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது அவன் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் தையல்காரரிடம் ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்தான். கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனவன், அதே துணியில் வேறெங்கோ இன்னொன்று தைக்க வைத்தான். அதில் ஒரு கால் முழங்காலோடு நின்றது. அதைக் கொண்டுவந்து, "நீங்க தெச்சதுதான் இது" என்று கடையில் சத்தம் போட்டான். கூட வந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தன் சட்டைப் பையில் கேமரா.

தையல்காரர் அந்தப் பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கண்ணை நம்பாமல், வந்தவன் சொல்லை நம்பினார். கண்ணீர் வந்துவிட்டது. அந்த முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இடையிடையே ஊரே சிரிக்கிற மாதிரிச் சத்தத்தைச் சேர்த்துப் போட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அப்புறம் தெருவில் போனால் 'ஒத்தக்கால் டெய்லர்' என்றார்கள். ஒரு கால் குட்டையாக வேண்டும் மாமா என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அது பொய் என்று தெரிந்த பிறகும் தன் டேப்பின் மேல் வந்த சந்தேகம்தான் போகவில்லை. ஒரு கைக்கு மூன்று முறை அளந்தார். வெட்டுவதற்குக் கத்தரியை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். கடையை மூடினார். அதற்குப் பிறகுதான் தொண்டையில் நோய் வந்தது.

அந்தச் சேனல்காரன்தான் இப்போது கறுப்புச் சட்டையில், முழங்கை நீளத்துக்கு மலர்வளையத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். வளையத்தின் நாடாவில் அவனுடைய சேனல் பெயர். பின்னால் ஒருத்தன் குச்சியில் போனை மாட்டி உயர்த்திப் பிடித்திருந்தான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாகச் சொல்வார்களே, அந்த ஓநாயிடம் கேமரா இல்லை. இவனிடம் இருந்தது. அவன் மேலிருந்து வந்த சென்ட் வாசனை பஞ்சின் வாடையை அமுக்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் சின்னவளுக்கு மருந்து வாடையே தேவலை என்றிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆமாம், பிணம் கிடக்கிற வீட்டில்.

அண்ணன் அவனைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அடிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சேனல்காரன் ஒன்று சொன்னான், அண்ணனின் கை தானாக இறங்கிவிட்டது. அந்த வீடியோவை எடுத்துவிடுகிறானாம். இன்றைக்கே. எங்கேயும் இருக்காதாம். அண்ணன் இரண்டு வருஷமாகப் புகார் எழுதி, கெஞ்சி, மிரட்டி நடக்காத காரியம்.

"இப்பவே எடு. என் கண்ணு முன்னாடி எடு."

"எடுத்துடலாம்ணா. ஆனா அதையே ஒரு வீடியோவா போடணும். ஜனங்க என்னைத் திட்டுறாங்க. நீங்க பக்கத்துல நின்னு, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அண்ணன் தரையில் துப்பினான். துப்பிவிட்டு, சரி என்றான். அந்த அசிங்கம் ஒழிந்தால் போதும், அதற்காக எதில் வேண்டுமானாலும் கையை விடலாம் என்று அவனுக்கு. பந்தலுக்குக் கீழே வெளிச்சம் சரியில்லை என்று அவர்கள் விளக்கு மாட்ட ஆரம்பித்தார்கள்.

சின்னவள் இதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அவள் முந்தானையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"அழிக்கப் போறாங்களா?"

"ஆமாம்மா. ஒழியுது சனியன்."

அம்மா தரையைப் பார்த்தாள். "அதுல அவர் பேசுறாரேடி. வேற எதுலயும் பேசலையே."

சின்னவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. உண்மைதான். போனில் யாராவது கூப்பிட்டால் அப்பா அம்மாவிடம் நீட்டிவிடுவார். வீட்டில் எடுத்த படங்களிலெல்லாம் எடுத்தவர் அவர், ஆகவே அவர் இல்லை. செய்திக்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவார், அவ்வளவுதான். குழாய் போட்ட பிறகு அந்தக் குரலும் போயிற்று.

"நீ அதைப் பார்த்தியாம்மா?"

"பார்க்கல. போனைக் கவுத்து வெச்சுட்டுக் கேப்பேன். ஆஸ்பத்திரில, அவர் தூங்கினப்புறம்."

அந்தக் கணத்தில் சின்னவளுக்கு அம்மாவின் மேலும் ஒரு கசப்பு வந்தது, மறைப்பானேன். அம்மா கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பயலின் பார்வைக் கணக்கில் ஒன்று ஏறியிருக்கும். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கசப்பை விழுங்கிவிட்டாள்.

இணையத்திலிருந்து வீடியோவை இறக்குவது அவளுக்குத் தெரியாத வித்தை இல்லை. வீடியோக்களுக்கு அடியில் எழுத்து ஓடுமே, அதைத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. அப்படி இறக்குவதற்கு அவள் ஆபீஸில் ஒரு புரோகிராம் உண்டு. பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளையைத் தட்டினால் அது போய்க் கொண்டுவந்து போடும். அவளுக்கு வரும் வீடியோக்களில் பாதி இந்த மாதிரிச் சீண்டல்தான். யாரோ ஒருத்தர் அழுவார், இவள் கீழே 'சிரிப்பொலி' என்று அடிப்பாள். சாப்பாட்டு இடைவேளை வரும், கை கழுவுவாள், சாப்பிடுவாள், மறுபடி 'சிரிப்பொலி'. அப்பாவின் வீடியோவை மட்டும் அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். லிங்க்கை எடுக்க அந்தப் பக்கத்துக்குப் போகவேண்டியிருந்தது. போனாள். சிவப்பு வட்டத்துக்குள் அப்பாவின் முகம். அதற்கு முன் ஒரு பற்பசை விளம்பரம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பம். கீழே காலையிலிருந்து புதிதாக விழுந்த கருத்துகள்: உடைந்த இதயங்கள், கும்பிடும் கைகள், அவற்றுக்கு நடுவே, 'சொர்க்கத்திலாவது ரெண்டு காலும் சமமா தைங்க தாத்தா'. வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு லிங்க்கை எடுத்து மூடினாள்.

கறுப்புத் திரையைத் திறந்தாள். புரோகிராமின் பெயர், அதன் பின்னால் ஒரு சிறு கோடு, ஒலி மட்டும் போதும் என்பதற்கான எழுத்து, லிங்க். படம் வேண்டாம். அந்த வட்டம் இந்த வீட்டுக்குள் வரவேண்டாம்.

வரவில்லை. தளத்துக்காரர்கள் பூட்டை மாற்றிவிட்டார்களாம், புரோகிராமின் பதிப்பு பழசாம். சிவப்பில் நாலு வரி திட்டிவிட்டு நின்றது. அதைப் புதுப்பிக்க இன்னொரு கட்டளை. அது முடிவதற்குள் வெளியே விளக்குப் போட்டார்கள். ஜன்னல் வெள்ளையாக மாறியது. வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேர் போனும் ஒரே வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி கட்டளை. இந்தத் தடவை சதவீதம் எழும்பியது, எறும்பு மலை ஏறுகிற மாதிரி. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. பாதியில் அங்கே அழித்துவிட்டால் மிச்சம் வருமா வராதா என்று அவளுக்கே தெரியாது.

கதவு திறந்தது. அண்ணன். முகம் கழுவத் துண்டு எடுக்க வந்திருந்தான், படத்தில் வியர்வை தெரிகிறதாம்.

அவன் திரையைப் பார்த்தான். ஆங்கில எழுத்தில் அந்த வீடியோவின் தலைப்பு அங்கே இருந்தது.

"என்ன பாப்பா இது?"

அம்மாதான் சொன்னாள், குரலுக்கு என்று. அவ்வளவே சொன்னாள்.

"சாக்கடையை மொண்டு வீட்டுக்குள்ள ஊத்துறீங்களே, ரெண்டு பேரும்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது. சின்னவள், மூடச் சொன்னால் மூடிவிடுவோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூடமாட்டேன் என்று தெரிந்தது. அதற்கும் பயமாக இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"தெரியலண்ணா. நெட்டு இழுக்குது."

அவன் போய்விட்டான். அடுத்து ஜன்னல் வழியே தெரிந்ததைத்தான், கண்ணுகளா, நான் சொல்ல வந்தது. சேனல்காரன் அண்ணனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். 'இவரு எனக்கு அண்ணன் மாதிரி' என்றான். அழிக்கும் பொத்தானின் மேல் விரலைக் கொண்டுபோனான். அப்போது அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் சரியா நிக்கல. இன்னொரு தடவை எடுங்க."

போட்டோவுக்குக் கூப்பிட்டாலே பின்வரிசையில் ஒளிகிறவன் அவன். இன்னொரு தடவை எடுத்தார்கள். மன்னித்துவிட்டேன் என்கிற இடத்தில் வார்த்தை மறந்துவிட்டது என்றான். மூன்றாவது தடவை தும்மினான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை அவன் தோளில் ஏறியது, மோதிரம் போட்ட கொழுத்த கை, சட்டையைப் பிசைந்தது. அண்ணன் அதைத் தட்டிவிடவில்லை. செத்த எலியைக் கையில் பிடித்துக்கொண்டு குப்பைவண்டிக்குக் காத்திருப்பவனைப் போலப் பல்லைக் கடித்து நின்றான். வந்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அப்பன் உள்ளே கிடக்க, பிள்ளைக்கு நடிக்க ஆசை வந்துவிட்டது என்று ஒருத்தர் இன்னொருத்தர் காதில் சொன்னது ஜன்னல்வரை கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

எறும்பு மலை ஏறி முடித்தது. சின்னவள் ஜன்னலில் வந்து நின்று தலையை அசைத்தாள்.

அண்ணன் ஒரே மூச்சில் மன்னித்தான். சேனல்காரன் பொத்தானை அமுக்கினான். யாரோ கை தட்டினார்கள். துக்க வீடு என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார்கள். அண்ணன் நேராகக் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்து, சட்டையைக் கழற்றித் தோளைத் தேய்த்தான். வெகுநேரம் தேய்த்தான்.

உள்ளே சின்னவள் இயர்போனை மாட்டிக்கொண்டு, முதல்முறையாக அதை முழுதாகக் கேட்டாள். சேர்த்துவைத்த சிரிப்பு அப்பாவின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் ஈ மாதிரி மொய்த்திருந்தது. பிரிக்க முடியாது. குரல் வேறு, சிரிப்பு வேறு என்று இல்லாமல் ஒரே துணியாக நெய்துவிட்டிருந்தான். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. அங்கே சிரிக்க ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டான் போலும்.

"தப்பு என்னுதாத்தான் இருக்கும் தம்பி. கோச்சுக்காதீங்க. வாங்க, மறுபடி அளந்துடுறேன்."

முட்டி தரையில் படுகிற சத்தம். பிறகு அவர் அளவு சொல்கிறார். கடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், எழுதிக்கொண்டே, அதைத் திருப்பிச் சொல்கிறது. இடுப்பு முப்பத்திநாலு. முப்பத்திநாலு. தொடை இருபத்திரெண்டு. இருபத்திரெண்டு. அவசரமில்லாத இரண்டு குரல்கள், வருஷக்கணக்காக அப்படியே சொல்லிப் பழகியவை. உயரம் நாற்பது, என்கிறார். நாற்பது என்று அம்மா சொல்லும்போதே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வந்துவிடுகிறது.

அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டாள். சிரிப்பின் நுனியை நறுக்கப் பார்த்தாள். அதை நறுக்கினால் அம்மாவின் நாற்பதும் போயிற்று. பலமுறை பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமுடிக்குள்ளே, காதில் இயர்போன். மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது, சின்னவள் வெட்டிக் கொடுத்த துண்டு அதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடு மெல்ல அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் தாழ்ந்த குரலில், "ஏதோ வேண்டிக்கிறா பாவம்" என்றாள்.

சின்னவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அம்மாவின் கை மேலே எழுந்தது. இயர்போனைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொல்லும் குரல்கள் நெடுங்காலம் ஓயாமல் இருக்கட்டும், கண்ணுகளா. அந்தச் சிரிப்பு உங்கள் வாசற்படி ஏறாமல் இருக்கட்டும்.